குப்பென்று வேர்க்கிறது, அப்புறம் குளிர்கிறது: காய்ச்சலா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வயது 49. மாதவிலக்கு வந்து 8 மாதம் ஆகிறது. ராத்திரியில் முகம் குப்பென்று எரிந்து, நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும் குளிர். உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் குடிக்கிறேன். விஷக்காய்ச்சலாக இருக்குமோ?

பதில்: முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள் அம்மா. எரியும்போதும் குளிரும்போதும் வைத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் 98 பக்கத்திலேயே நின்றால் காய்ச்சல் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதில் வருகிற ஹாட் ஃப்ளாஷ்தான்.

மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைச் சீராக வைக்கும் கருவி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போதுமான அளவு இருக்கும்வரை, சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது கண்டுகொள்ளாது. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் அதற்குப் பொறுமை போய்விடுகிறது. இட்லிப் பானையைத் திறந்தால் வருகிற ஆவி போதும். தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வேர்வையைக் கொட்டவைத்துவிடும். அதில் உள்சூடு தேவைக்கு மேல் இறங்கிவிடுகிறது. அதை மீட்கத்தான் நடுக்கம். குளிர் தனி வியாதி இல்லை, வேர்வையின் வால்.

மோர் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் இது அந்தச் 'சூடு' இல்லை. நனைந்த நைட்டியோடு ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தால் நடுக்கம் கூடத்தான் செய்யும். தலைமாட்டில் ஒரு துண்டும் மாற்று காட்டன் நைட்டியும் வையுங்கள். வேர்த்ததும் துடைத்து, மாற்றிவிட்டுப் படுங்கள். கனத்த போர்வைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் தள்ளிவிடலாம். சிலருக்குச் சூடான டீயும் காரமும் கிளப்பிவிடும். உங்களுக்கு எது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் 100-ஐத் தாண்டினால், எடை குறைந்தால், 2 வாரத்துக்கு மேல் இருமினால் இது வேறு கதை: காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். படபடப்பும் கைநடுக்கமும் சேர்ந்தால் தைராய்டு பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வேர்க்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தூக்கமே கெட்டால் ஸ்டான்லி அல்லது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் மருந்து நன்றாகக் கேட்கும். ஆனால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

அப்புறம், 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் மாதவிலக்கு நின்றதாகக் கணக்கு. அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.