மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை, வந்தது 12 நாளாக நிற்கவில்லை

திருமங்கலத்திலிருந்து கேட்ட அக்காவுக்கு: 47 வயதில் மாதவிடாய் தள்ளிப்போவது பெரும்பாலும் அது அடியோடு நிற்கும் மெனோபாஸ் நெருங்குவதால்தான். முட்டை வெளியாகாத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். அதற்காக 12 நாள் உதிரப்போக்கை ‘இந்த வயசுல அப்படித்தான்’ என்று பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்குவார்களே, அந்த மாத்திரையை நீங்களாகப் போட வேண்டாம். நிறுத்திய சில நாளில் மறுபடி வரும். அதற்குள் உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகாதவர் என்றால் முதலில் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிடுங்கள். பிறகு பெரியாஸ்பத்திரி மகளிர் பிரிவில் ஹீமோகுளோபின், தைராய்டு, கருப்பை ஸ்கேன். 45 தாண்டியதால் உள்சவ்வில் துளி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம், தட்டிக்கழிக்காதீர்கள். வந்த தேதி, நின்ற தேதி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், ரத்தக்கட்டி விழுந்ததா என்று காலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள்.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, தலைசுற்றினாலோ ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.