"பைலட்டுக்குச் சட்டை மாட்டிவிடும் வேலையா?" என்று கேட்டார் பெரியப்பா

போன வாரம் கலிஃபோர்னியாவின் ஃபோல்சமிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாவது முடிக்கப்போகும் பையன். அம்மாவின் கைப்பேசி ஸ்பீக்கரில் சிகாகோ பெரியப்பா, இதய மருத்துவர். பிளஸ் டூ முடித்ததும் நேரே டாக்டராக்கும் பி.எஸ்.-எம்.டி. படிப்புக்கு எட்டு இடங்களில் போட்டு, எட்டிலும் இல்லை என்று வந்துவிட்டது. இப்போது கரீபியன் தீவு ஒன்றில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்காக வீட்டின் பேரில் கடன் வாங்கத் தயாராகிவிட்டார்கள். மூன்று லட்சம் டாலர்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல் சொன்னேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். ஆறுதல் சொல்லச் சொல்ல அந்தக் கடன் இன்னும் நியாயமாகத் தோன்ற ஆரம்பித்தது.

பையனுக்கு வேதியியல் வராது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் பதினெட்டு வயதானதும் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் தானே போய் ஈ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸ் அவசர உதவியாளர் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். நாடி பார்ப்பது, ஆக்சிஜன் முகமூடி மாட்டுவது, பயந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவனுக்கு விளையாட்டு மாதிரி. "வேறு என்ன பிடிக்கும்?" என்றேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் பீல் விமானப்படைத் தளத்தைச் சொன்னான். அங்கிருந்து கிளம்பும் யு-2 உளவு விமானத்தைப் பற்றி எல்லாம் படித்து வைத்திருக்கிறான். "ஓட்ட ஆசையா?" என்றால் இல்லையாம். "ஓட்டுறவரை யார் பார்த்துக்கிறாங்கன்னு தெரியணும்."

அந்தக் கேள்விதான் இவனுடைய வழி: பைலட்டின் உடையையும் உடம்பையும் பார்த்துக்கொள்ளும் விமானப்படை டெக்னீஷியன் வேலை. பெரியப்பா சிரித்தார். அவருக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

யு-2 முதன்முதலில் பறந்தது 1955இல், நெவாடா பாலைவனத்தின் குரூம் லேக்கில். அப்போது அது சி.ஐ.ஏ.வின் பரம ரகசியம். பைலட்டுகளை அல்புகர்க்கியில் இருந்த லவ்லேஸ் கிளினிக்குக்கு அனுப்பி உடம்பை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார்கள். காரணம், விமானம் பறக்கும் உயரம்: 70,000 அடி. சுமார் 63,000 அடிக்கு மேல் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறதென்றால், நம் உடம்புச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இதை ஆம்ஸ்ட்ராங் எல்லை என்பார்கள். நிலவுக்குப் போனவர் பெயர் அல்ல, ஹாரி ஆம்ஸ்ட்ராங் என்ற விமானப்படை மருத்துவரின் பெயர். விமானத்துக்குள் அழுத்தம் போய்விட்டால் பைலட்டுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது அவர் போட்டிருக்கும் பிரஷர் சூட் ஒன்றுதான்.

அந்த உடையை மாட்டுவதே தனி வேலை. பறப்பதற்கு முன் பைலட்டின் ரத்த அழுத்தம், நாடி, தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரிப்பார்கள். ஜலதோஷம் இருந்தால் அன்றைக்குப் பறப்பு கிடையாது. பிறகு இரண்டு டெக்னீஷியன்கள் சேர்ந்து உடையை மாட்டி, கையுறையையும் ஹெல்மெட்டையும் பூட்டி, எங்காவது கசிகிறதா என்று காற்றடைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் பைலட் சாய்வு நாற்காலியில் படுத்து ஒரு மணி நேரம் சுத்த ஆக்சிஜனை மட்டும் இழுக்க வேண்டும். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்றத்தான் இது. கோலி சோடாவை உடைத்ததும் பொங்குகிறதல்லவா, அழுத்தம் குறையும்போது நைட்ரஜனும் உடம்புக்குள் அப்படித்தான் குமிழியாகும். மூட்டில் வலி, மூளையில் குழப்பம். விமானத்துக்கு நடந்து போகும்போதுகூட அந்த ஆக்சிஜன் அறுந்துவிடக் கூடாது என்று சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறார்கள். உள்ளே உட்கார்ந்ததும் பெல்ட்டைப் பூட்டுவதும் குழாய்களைப் பொருத்துவதும் டெக்னீஷியன்தான். சில பறப்புகள் பத்து மணி நேரத்தையும் தாண்டும். சாப்பாடு பற்பசை டியூப் போன்ற ஒன்றில் வரும். ஹெல்மெட்டில் இருக்கும் சிறு துளை வழியாக உறிஞ்ச வேண்டும். சிறுநீருக்குத் தனிக் குழாய். மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை.

இதெல்லாம் வெறும் பந்தா இல்லை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1966 ஜனவரியில், ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் பறந்துகொண்டிருந்த எஸ்.ஆர்.-71 உளவு விமானம் ஒன்று நியூ மெக்சிகோ வானில் சிதறியது. உடன் இருந்த ஜிம் ஸ்வேயர் இறந்துபோனார். பைலட் பில் வீவர், விமானமே இல்லாத வெறும் வானத்தில், காற்று நிறைந்து விறைத்த உடைக்குள் உயிரோடு கீழே வந்தார். அதற்கு முன் யாரோ ஒருவர் அந்த உடையைச் சரிபார்த்து, மாட்டி, பூட்டியிருக்கிறார். பெரியப்பா சொன்ன "சட்டை மாட்டும் வேலை" இதுதான்.

வேலை முடிந்துபோன விஞ்ஞானமும் இல்லை. பல வருடங்களாக யு-2வின் விமானி அறைக்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய எவரெஸ்ட் உச்சியில் இருப்பதுதான். 2013இல் விமானப்படை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பைலட்டுகளின் மூளை ஸ்கேனில் வெண்பொருள் பகுதியில் தெரியும் பாதிப்புப் புள்ளிகள் மற்றவர்களைவிட எண்ணிக்கையில் மூன்று மடங்கு இருந்தன. இப்போது அறையின் அழுத்தத்தை 15,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, வழி எப்படி? அமெரிக்க விமானப்படையில் 4எம்0எக்ஸ்1 என்று ஒரு பிரிவு உண்டு. விமானிகளின் உடலியல் டெக்னீஷியன். பள்ளிப் படிப்பு முடித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். டெக்சஸில் ஏழரை வாரம் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஒஹையோவின் ரைட்-பேட்டர்சன் தளத்தில் தொழில் பயிற்சி. ஆரம்பச் சம்பளம் 2025இல் மாதம் 2,300 டாலருக்குச் சற்று மேல் இருந்தது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையது. 36 மாதம் பணி செய்தால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஜி.ஐ. பில் என்ற படைவீரர் கல்வி உதவித் திட்டம் முழுவதும் கட்டும். அப்புறம் உடலியலில் மேற்படிப்பு முடித்து அதிகாரியாகவே திரும்பி வரவும் கதவு இருக்கிறது. டாக்டராகத்தான் வேண்டுமென்று அவனுக்கே 25 வயதில் தோன்றினால் அப்போது போகட்டும், அவன் காசில்.

கஷ்டங்களையும் அவனிடம் நேராகச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவின் எண் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே. ஆள்சேர்ப்பவர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. பீலுக்கே அனுப்புவார்கள் என்று உறுதியில்லை. யு-2வுக்கும் வயதாகிவிட்டது. 2026இல் ஓய்வு கொடுப்பதாக விமானப்படை அறிவித்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இழுத்துப் பிடித்தது. விமானம் போனாலும் இந்தக் கைவேலை போகாது. நாசாவின் ஆய்வு விமானமான ஈ.ஆர்.-2வின் பைலட்டுகளுக்கும் இதே வகை உடைதான். ஸ்பேஸ் ஷட்டில் வீரர்களின் உடைகளைத் தைத்த டேவிட் கிளார்க் நிறுவனம் இந்த உளவு விமான உடைகளைத் தைத்த நிறுவனமே.

இன்னொன்று, அம்மாவுக்கு. பையன் அமெரிக்கக் குடிமகன் என்பதால்தான், ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதியைப் பற்றி யோசிக்கவே முடிகிறது. அந்த அனுமதிக்கான படிவத்தில், நெருங்கிய தொடர்பில் இருக்கும் வெளிநாட்டு உறவுகளைக் கேட்பார்கள். திருச்சித் தாத்தா பாட்டியை எழுத வேண்டும், ஊரில் அவன் பேரில் நிலம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். மறைத்தால்தான் ஆபத்து, இருப்பதை எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

"நம்ம வீட்டுப் பிள்ளை பட்டாளத்துக்கா?" என்று பெரியப்பா கேட்டார். பட்டாளம் வேண்டாம் என்று பையனே சொன்னால் நான் அடுத்த நிமிடமே விட்டுவிடுவேன், ஈ.எம்.டி.யிலிருந்தே வேறு பாதை பார்க்கலாம். அதை அவன் சொல்ல வேண்டும், சிகாகோ அல்ல. கடன் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. பிடிக்காத படிப்புக்கு, பாதியில் கழன்றுகொள்பவர்கள் அதிகம் உள்ள ஓர் இடத்துக்கு, குடியிருக்கும் வீட்டை வைக்கக் கூடாது. கடனை வட்டியோடு கட்டப்போவது பெரியப்பா இல்லை.

அப்பா இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிளம்பும்போதுதான், வங்கிக் காகிதங்களில் வியாழக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போடாமல் சனிக்கிழமை எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பையனும் வரட்டும், கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.