எலும்பு எங்கே போனதென்று கேட்ட பிள்ளை

மகள் அடுத்து என்ன படிக்கலாமென்று ஆலோசனை கேட்டுக் கொக்குவிலிலிருந்து கடந்த கிழமை வந்த தாயும் தகப்பனும் அவளின் உயர்தரப் பெறுபேற்றை என் மேசையில் வைத்தார்கள். இரண்டாவது தடவையும் இசட் புள்ளி மருத்துவபீட வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. கனடாவிலிருக்கும் மாமா வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியொன்றில் இடம் பார்த்துவிட்டார். காணியை ஈடுவைப்பதுதான் மிச்சம். அம்மம்மாவின் மூளையில் இரத்தக்குழாய் வீக்கம் வெடித்து, கொழும்பில் 'கொயில்' எனும் சுருள் வைத்துக் காப்பாற்றிய நாள்முதல் பிள்ளைக்கு மருத்துவத்தில்தான் மனம் என்றார் தாய்.

ஆறுதல் சொல்லத் தொடங்கிய நான், பிள்ளை வாய் திறந்ததும் நிறுத்திக்கொண்டேன். "அம்மம்மாவின் மூளையை எடுத்த படத்தில் மண்டையோட்டு எலும்பு எங்கே போனது?" என்பதுதான் அன்றிலிருந்து அவளைக் குடைகிற கேள்வி.

தாய்க்கு என் பதில் இதுதான்: அம்மா, அந்தக் கேள்விக்குரிய படிப்பு, மருத்துவத்துக்கான கதிர்ப்படங்களை எடுக்கும் ரேடியோகிராபி. இரத்தக்குழாயைப் படத்தில் தெரியவைக்கும் மாறுபொருள் மருந்தை ஏற்றுமுன் ஒரு படமும் ஏற்றியபின் அடுத்தடுத்துப் படங்களும் எடுத்து, முதற்படத்தை மற்றவற்றிலிருந்து கணினி கழிக்கும்போது எலும்பு மறைந்து இரத்தக்குழாய் மட்டும் எஞ்சுகிறது. நோயாளி சற்று அசைந்தாலும் கழித்தல் பிசகிவிடும். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடிவழியே நுண்குழாயைச் செலுத்தி, பிளாட்டினச் சுருளை வீக்கத்துக்குள் வைப்பவர் மருத்துவர். அவர் பார்த்துச் செல்லும் படத்தைச் சரியான கோணத்தில், இயன்றளவு குறைந்த கதிர்வீச்சில் எடுத்துக்கொடுப்பவர் ரேடியோகிராபர். இது வளர்ந்துவரும் துறை: மண்டையோட்டைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையையும் கொயிலையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஐசாட் ஆய்வில், இரு சிகிச்சைகளுக்கும் உகந்தவர்களெனக் கருதப்பட்ட 2143 பேரில், ஓராண்டின் பின் நிலை கணிக்கப்பட்ட 1594 பேரிடையே இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தோர் மண்டையோட்டைத் திறந்தவர்களில் 30.6 வீதம், கொயில் வைத்தவர்களில் 23.7 வீதம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. கற்கைக் கட்டணம் இல்லை. ஈயக் கவசத்தோடு மணிக்கணக்காக நிற்கவும், நள்ளிரவு அழைப்புக்கு எழும்பவும் வேண்டியிருக்கும் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. வெளிநாட்டு மருத்துவப் பட்டமோ, காணி போனபின்னும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே பயன்படும். அதன்பின் உள்ளகப் பயிற்சி, பிறகு நிபுணத்துவப் படிப்பு என்று போனால்தான் கொயில் வைக்கும் அறைக்குள் மருத்துவராக நுழையலாம். அவள் கேட்காத பட்டத்துக்காக அந்தக் காணியை ஈடுவைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

பௌதிகவியலில்தான் அவளுக்கு மிகச் சிறந்த பெறுபேறு. இதை ஏன் எவரும் கவனிக்கவில்லையோ தெரியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அனுமதித் தகைமையைப் பார்த்து, விருப்பொழுங்கை அவளையே எழுதவிட்டு, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். மாமாவோடு நான் பேசுகிறேன்.