பிடியை மாற்றிப் பாருங்கள்: டிங்கர்ஸ் ஆயுதங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மைன்கிராஃப்ட்டின் டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட் மொட் (கருவிகளைப் பாகம் பாகமாகச் செய்ய விடும் மேலதிகத் தொகுப்பு) பற்றியவை. விளையாட்டின் முதல் சில மணி நேரத்துக்கு எந்தப் பொருளில் என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் குழப்பம். கீழே உள்ள இலக்கங்கள் எல்லாம் 1.12.2 பதிப்புக்குரியவை. உங்கள் மொட்பேக்கைத் தொகுத்தவர்கள் எதையாவது மாற்றியிருந்தால், டூல் ஸ்டேஷன் (பாகங்களைப் பொருத்தும் மேசை) திரையில் தெரியும் இலக்கத்தையே நம்புங்கள்.

கேள்வி: தலை, பைன்டிங் (தலையையும் பிடியையும் இணைக்கும் பாகம்), பிடி மூன்றையும் கல்லிலேயே செய்து ஒரு பிக்ஆக்ஸ் செய்தேன். பத்துப் பதினைந்து கட்டி (பிளொக்) உடைத்ததும் அது முறிந்துவிட்டது. மொட்டில் ஏதும் பிழையா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பிழை இல்லை, கணக்கு அப்படித்தான் வரும். இந்த ஒரு கணக்கு விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

தலையின் ஆயுளோடு பைன்டிங்கின் ஆயுளைக் கூட்டுங்கள். வரும் தொகையைப் பிடியின் பெருக்கெண்ணால் பெருக்குங்கள். கடைசியாகப் பிடிக்கென்று தனியாக உள்ள இலக்கத்தைக் கூட்டுங்கள், அல்லது கழியுங்கள். கல் தலை 120, கல் பைன்டிங் 20, மொத்தம் 140. கல் பிடியின் பெருக்கெண் 0.5, ஆகவே 70. அதற்கு மேல் கல் பிடி 50ஐக் கழிக்கும், மிஞ்சுவது 20. கல் தலைக்கு ஆயுளில் 20 வீதத்தைக் குறைக்கிற ஒரு குணமும் உண்டு. கடைசியில் உங்கள் கையில் இருந்தது 16.

இப்போது பிடியை மட்டும் மரத்துக்கு மாற்றுங்கள். மரப் பிடியின் பெருக்கெண் 1, தனி இலக்கம் 25. 140 உடன் 25 சேர்ந்து 165, கல் தலையின் கழிவு போக 132. ஒரேயொரு பலகையை மாற்றியதற்கு எட்டு மடங்கு ஆயுள். தலைக்கு நல்லதாக இருக்கும் பொருள் பிடிக்கும் நல்லதாக இருக்கும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் விடும் தவறு. கல்லும் ஃபிளின்டும் (சரளையில் கிடைக்கும் தீக்கல்) தலைக்கு மட்டும்தான். முழுவதும் ஃபிளின்டில் செய்தால் 54தான் வரும். அதே ஃபிளின்ட் தலைக்கு மரப் பிடியும் மர பைன்டிங்கும் போட்டால் 190.

கேள்வி: முதல் இரவுக்கு முன் வாள், பிக்ஆக்ஸ் இரண்டும் வேண்டும். என்னென்ன சேர்க்க வேண்டும்? இரும்பு கிடைக்கும் வரை காத்திருக்கலாமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: காத்திருக்க வேண்டாம். முதலில் வெற்றுப் பெட்டர்ன் (பாகங்களின் வடிவத்தை வெட்டும் அட்டை) செய்யுங்கள். 2 பலகையும் 2 குச்சியும் குறுக்கும் மறுக்குமாக வைத்தால் 4 பெட்டர்ன் கிடைக்கும். இதை இரண்டு தடவை செய்யுங்கள், 8 போதும். பெட்டர்னைப் பலகைக்கு மேல் வைத்தால் ஸ்டென்சில் டேபிள், மரக் குற்றிக்கு மேல் வைத்தால் பார்ட் பில்டர் (பாகம் செய்யும் மேசை), கிராஃப்டிங் டேபிளுக்கு மேல் வைத்தால் டூல் ஸ்டேஷன். இவற்றுக்கு 3 போய்விடும். மிகுதி 5ஐயும் ஸ்டென்சில் டேபிளில் பிக்ஆக்ஸ் தலை, பைன்டிங், வாள் அலகு, அகலக் கார்ட் (வாளின் கைக்காப்பு), டூல் ரொட் (பிடி) என்று வெட்டிக்கொள்ளுங்கள். ரொட் ஸ்டென்சில் இரண்டு ஆயுதத்துக்கும் பொது. வெட்டிய ஸ்டென்சில் செலவாகாது, திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

பிக்ஆக்ஸ் தலைக்கும் வாள் அலகுக்கும் தலா 2 ஃபிளின்ட் வேண்டும். சரளையைத் தோண்டினால் பத்துக்கு ஒன்றுதான் ஃபிளின்டாக விழும். அதனால் மண்வெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 3 சரளையைக் கிராஃப்டிங்கில் சேர்த்தால் 1 ஃபிளின்டை இந்த மொட்டே தரும். 12 சரளை இருந்தால் இரண்டு தலைக்கும் காணும். சில மொட்பேக்குகளில் இந்த ரெசிபி நிறுத்தப்பட்டிருக்கும், அங்கே மட்டும் தோண்டித்தான் ஆகவேண்டும்.

பிடிக்கு முதலில் மரம். ஆனால் எலும்புக்கூடு ஒன்று விழுந்து எலும்பு கிடைத்த அந்த நிமிடமே பிடியை மாற்றிவிடுங்கள். ஆரம்பகாலப் பொருட்களில் நாங்கள் முதலிடம் கொடுப்பது எலும்புப் பிடிக்குத்தான். பெருக்கெண் 1.1, தனி இலக்கம் 50. அதைவிட முக்கியம், எலும்பைப் பிடியாகவோ கார்டாகவோ போட்டால் தாக்குதலில் 1.5 கூடும். ஃபிளின்ட் அலகின் தாக்குதல் 2.9, இரும்பு அலகினது 4. எலும்புப் பிடி போட்டால் ஃபிளின்ட் அலகின் கணக்கு 4.4க்குப் போகும், மரப் பிடி போட்ட இரும்பு அலகினது 4இலேயே நிற்கும். இரண்டு எலும்புப் பாகம் போட்டால் 3 கூடும் என்று எண்ண வேண்டாம். அந்தக் குணம் ஒரு தடவைதான் சேரும்.

பாலைவனத்தில் தொடங்கியவர்களுக்குக் கள்ளியும் நல்லது. கள்ளி அலகு 3.4, ஆயுள் 210. பிக்ஆக்ஸுக்கு மட்டும் ஃபிளின்டே நல்லது, ஏனென்றால் ஃபிளின்டின் தோண்டும் வேகம் 5, கள்ளியினது 4.

கேள்வி: எனது மகனுக்கு 11 வயது. ஆசையாகச் செய்த வாள் உடைந்துவிட்டது என்று சாப்பிடாமல் இருக்கிறார். அது போனது போனதுதானா?
(ஒரு தாய், பம்பலப்பிட்டி)

பதில்: இல்லை, அந்த வாள் பத்திரமாகவே இருக்கிறது. வழமையான மைன்கிராஃப்ட்டில் ஆயுள் முடிந்த ஆயுதம் மறைந்துவிடும். இந்த மொட்டில் அது உடைந்த நிலையில் பையிலேயே கிடக்கும், அவர் சேர்த்த மேம்பாடுகளும் அதிலேயே இருக்கும். அந்த வாளை டூல் ஸ்டேஷனில் வைத்து, அலகு எந்தப் பொருளோ அதே பொருளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அலகு ஃபிளின்ட் என்றால் ஃபிளின்ட், இரும்பு என்றால் இரும்பு. பிடியின் பொருளை வைத்தால் திருத்தாது, பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

வீட்டைவிட்டுத் தூரம் போகும்போது அதே பொருளில் ஒரு ஷார்ப்னிங் கிட் செய்து கொண்டுபோனால், டூல் ஸ்டேஷன் இல்லாமல் கிராஃப்டிங் கட்டத்திலேயே திருத்தலாம். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: பிடியையோ அலகையோ மாற்றப் போகிறார் என்றால், முதலில் திருத்திவிட்டு மாற்றட்டும். ஏற்கெனவே பட்ட சேதம் புதிய ஆயுளைவிடக் கூடுதலாக இருந்தால், மாற்ற முடியாது என்று சிவப்பு எழுத்தில் வரும்.

கேள்வி: காகிதத்தில் பாகம் செய்வது வீண்வேலை என்கிறான் நண்பன். அப்படியென்றால் அதை ஏன் வைத்திருக்கிறார்கள்?
(வாசகர், தெஹிவளை)

பதில்: பிடிக்குப் போட்டால் நண்பர் சொல்வது சரி. காகிதப் பிடியின் பெருக்கெண் 0.1. முழு இரும்புப் பிக்ஆக்ஸ் 276 ஆயுளோடு வரும், அதில் பிடியை மட்டும் காகிதமாக்கினால் 30தான் தேறும். ஆனால் காகிதத்தின் பெறுமதி பைன்டிங்கில் இருக்கிறது. வழமையாக ஓர் ஆயுதத்துக்கு 3 மொடிஃபையர் (மேம்பாடு) இடம், காகித பைன்டிங் போட்டால் 4. இரும்புத் தலை, எலும்புப் பிடியோடு எலும்பு பைன்டிங் போட்டால் ஏறக்குறைய 346. அதையே காகிதமாக்கினால் 291. 55 ஆயுளைக் கொடுத்து ஓர் இடத்தை வாங்குகிறீர்கள், மிக மலிவான வியாபாரம்.

அந்த இடத்தில் 50 ரெட்ஸ்டோன் போட்டால் தோண்டும் வேகம் ஒரு படி ஏறும். லாபிஸ் (நீலக்கல்) கையில் இருந்தால் அதிர்ஷ்டத்தையே (உடைக்கும்போது கூடுதல் பொருள் தரும் மேம்பாடு) போடுங்கள். முதல் படிக்கு 60, அடுத்ததற்கு 120, மூன்றாவதற்கு 180. மொத்தம் 360 லாபிஸ், ஆனால் மூன்று படியும் ஒரே இடத்துக்குள் அடங்கிவிடும். லாபிஸ் கனியத்தை ஃபிளின்ட் தலையாலேயே உடைக்கலாம், ரெட்ஸ்டோனுக்கு இரும்புத் தலை வேண்டும்.

கேள்வி: இரும்புத் தலை செய்ய அச்சு வேண்டும், அச்சுக்குத் தங்கம் வேண்டும், தங்கத்தை உடைக்க இரும்புத் தலை வேண்டும். இந்தச் சுழலில் இருந்து எப்படி வெளியே வருவது? ஸ்மெல்டரிக்கு (உலோகம் உருக்கும் உலை) எவ்வளவு பொருள் தேவை?
(வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஃபிளின்ட் தலை இரும்புக் கனியம் வரைதான் உடைக்கும். தங்கம், ரெட்ஸ்டோன், வைரம் மூன்றுக்கும் அடுத்த நிலை வேண்டும். வெளியே வர மூன்று வழி உண்டு. மொட்பேக்கில் சாதாரணக் கருவிகள் தடைசெய்யப்படவில்லை என்றால், 3 இரும்பு இன்கொட்டும் (பாளம்) 2 குச்சியும் கொண்டு வழமையான இரும்புப் பிக்ஆக்ஸ் ஒன்றைச் செய்து, ஓர் அச்சுக்கு 2 இன்கொட் என்ற கணக்கில் தங்கம் எடுத்து வாருங்கள். அலுமினியம் உள்ள மொட்பேக் என்றால் 3 பங்கு அலுமினியம், 1 பங்கு செம்பு உருக்கினால் வரும் கலவையில் அச்சு வார்க்கலாம், அதற்கு 1 இன்கொட் அளவே போதும். இரண்டும் சரிவராவிட்டால் உருக்கிய களிமண்ணை ஊற்றி அச்சு எடுங்கள். அது ஒரே தடவைக்குத்தான், ஆனால் உங்களுக்குத் தேவையும் முதல் தலை ஒன்றுதானே. எந்த அச்சானாலும் மேசையில் மாதிரிக்கு வைக்கும் பாகம் கரைந்து போகும். ஆகவே மாதிரிக்குக் கல் தலை ஒன்றை வையுங்கள், பாவனையில் உள்ள ஃபிளின்ட் தலையை வைக்க வேண்டாம்.

ஸ்மெல்டரியைப் பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. உள்ளே ஒரேயொரு கட்டி இடம் இருந்தாலும் அது வேலைசெய்யும். கொன்ட்ரோலருக்கு 8 செங்கல், டேங்கிற்கு 8 செங்கலும் 1 கண்ணாடியும், டிரெயினுக்கு (திரவம் போய்வரும் வாய்) 6, வார்ப்பு மேசைக்கு 7, குழாய்க்கு 3, தரைக்கும் மிகுதி ஒரு சுவருக்கும் தலா 4. மொத்தம் 40. 1 களிமண் கட்டி, 4 மணல், 4 சரளை சேர்ந்தால் 8 கிரவுட் (சுட்டால் இந்தச் செங்கலாகும் கலவை) வரும். ஆகவே 5 களிமண் கட்டி, 20 மணல், 20 சரளை எடுத்து உலையில் சுட்டால் கணக்குச் சரி. எரிபொருளுக்கு டேங்கில் லாவா ஊற்றுங்கள். மூலைகளை மூட வேண்டியதில்லை. இந்தச் சின்ன ஸ்மெல்டரி ஒரு தடவைக்கு ஒரு கனியம்தான் உருக்கும், 8 இன்கொட் அளவு திரவம்தான் கொள்ளும். ஆனால் ஒரு இரும்புக் கனியம் இங்கே 2 இன்கொட் தரும், பிக்ஆக்ஸ் தலைக்குத் தேவையும் அதே 2தான்.

செம்பும் வெள்ளீயமும் கிடைக்கிற உலகம் என்றால் இரும்புத் தலையில் நிற்காதீர்கள். 3 பங்கு செம்பு, 1 பங்கு வெள்ளீயம் தானாகவே வெண்கலமாகிவிடும். வெண்கலத் தலை இரும்பு உடைக்கும் எல்லாவற்றையும் உடைக்கும், ஆயுள் 430, இரும்பினது 204. எலும்புப் பிடி, எலும்பு பைன்டிங் போட்டால் 590ஐத் தாண்டும். வாளுக்கு மட்டும் இரும்பு கொஞ்சம் மேல்: வெண்கல அலகின் தாக்குதல் 3.5.

கேள்வி: வைரம் இல்லாமல் ஒப்சிடியன் தலை செய்ய முடியுமா?
(வாசகர், மருதானை)

பதில்: முடியும். ஸ்மெல்டரிக்குள் ஒரு வாளி லாவாவும் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றுங்கள். இரண்டும் கலந்து 288 மில்லிபக்கெட் (ஒரு வாளி 1000) உருகிய ஒப்சிடியன் ஆகும், ஒரு பிக்ஆக்ஸ் தலைக்கு அது சரி. வாளியிலிருந்து டிரெயின் வழியாக ஊற்றலாம். இரண்டு வாளியின் 2000 மில்லிபக்கெட்டும் கொள்ள ஸ்மெல்டரியின் உள்ளே உயரம் 2 கட்டியாவது இருக்கட்டும். அந்தத் தலை கோபால்ட் வரை உடைக்கும். ஆனால் தலையின் ஆயுள் 139தான், அன்றாடத் தோண்டலுக்கு வெண்கலத்தையே பாவித்து, இதைத் தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். பிடிக்கு ஒப்சிடியன் வேண்டவே வேண்டாம், 100 ஆயுளைக் கழித்துவிடும்.

கேள்வி: நீங்கள் சொன்ன கணக்கை 1.16இல் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.
(வாசகர், கொச்சிக்கடை)

பதில்: 1.16இல் இருந்து பைன்டிங்குக்கு ஆயுள் இலக்கமே கிடையாது, அதன் குணம் மட்டும்தான் சேரும். ஆகவே அங்கே பைன்டிங்கை ஆயுளுக்காகத் தேர வேண்டாம், குணத்துக்காகத் தேருங்கள். ஸ்மெல்டரிக்கு முன் மெல்டர் என்ற சின்ன உருக்குப் பெட்டியோடு தொடங்கலாம் என்பதால், உலோகத் தலைக்கும் அங்கே கெதியாகப் போய்விடலாம்.