கேள்வி பதில்: ஐரோப்பாவை மாற்றிய கருத்துகள்

கேள்வி: சார், ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த துறவி மார்ட்டின் லூதருக்கு முன்பும் அதை எதிர்த்தவர்கள் இருந்தார்களே. அவர் மட்டும் எப்படித் தப்பித்தார்?

பதில்: பிராக் நகரில் யான் ஹுஸ் என்ற போதகர் கிட்டத்தட்ட லூதர் சொன்ன குறைகளைத்தான் சொன்னார். 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் அவரை உயிரோடு எரித்துவிட்டார்கள். லூதருக்கு அவர் ஊர் இளவரசரின் பாதுகாப்பு இருந்தது. அதைவிடப் பெரிய துணை அச்சு.

குட்டன்பெர்க் மைன்ஸ் நகரில் 1455 வாக்கில் பைபிளை அச்சிட்டது எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் அதே சமயத்தில், பாவத்துக்கான தண்டனை குறையும் என்று திருச்சபை காசுக்குக் கொடுத்த பாவமன்னிப்புச் சீட்டும் அச்சானது. ஒற்றைத் தாள். வாசகம் முழுக்க அச்சு. வாங்குபவர் பெயரும் தேதியும் எழுத மட்டும் இடம் காலியாக இருக்கும், நம் ரசீதுப் புத்தகம் மாதிரி. 1517-ல் லூதர் எதிர்த்தது இந்தச் சீட்டு விற்பனையைத்தான். சீட்டைப் பெருக்கிக் கொடுத்த அதே அச்சு, அதற்கு எதிரான பேச்சையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

1522 செப்டம்பரில் லூதர் பைபிளின் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். டிசம்பரிலேயே மறுபதிப்பு. வீட்டில் அம்மா பேசுவதையும் சந்தையில் ஜனங்கள் பேசுவதையும் கேட்டு மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். சரி, வேதத்தை அவரவரே படிக்க எழுத்து தெரிய வேண்டுமே? பள்ளிக்கூடம் திறக்கச் சொல்லி 1524-ல் நகர சபைகளுக்கு எழுதினார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

கேள்வி: அப்படியானால் முதலாளித்துவத்துக்கும் லூதர் வழியில் பிரிந்த புராட்டஸ்டன்ட் மதம்தான் காரணம் என்று சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னது சரியா?

பதில்: பாதி சரி. உழைப்பை இறைவன் இட்ட பணியாக நினைத்து, சம்பாதித்ததை ஆடம்பரத்தில் கரைக்காமல் வாழ்ந்த புராட்டஸ்டன்ட்டுகளின் மனப்போக்கைப் பற்றி அவர் 1904-05-ல் எழுதினார். ஆனால் மெடிசி குடும்பம் புளோரன்ஸில் வங்கி தொடங்கியது 1397-ல், அவர்கள் கத்தோலிக்கர்கள். மதம் மட்டுமே காரணம் என்று வெபரும் சொல்லவில்லை.

கேள்வி: அண்ணா, 1789-ல் பிரான்சில் ‘மனிதர் அனைவரும் சமம்’ என்று அறிவித்தார்கள். பெண்களும் அடிமைகளும் அதில் வரவில்லையே?

பதில்: வரவில்லை தம்பி. அதைத்தான் ஒலிம்ப் டி கூஜ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் கேட்டார். 1791-ல் அதே அறிக்கையைப் பெண்ணுக்காகத் திருத்தி எழுதினார்: தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டென்றால், பேச்சுமேடை ஏறவும் உண்டு. 1793 நவம்பரில் அவரையே கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்தில் ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1945-ல்.

அதே 1791-ல் கரீபியன் தீவு ஒன்றில் பிரான்சின் காலனியாக இருந்த சான் டொமாங்கின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நெருக்கடிதான் 1794-ல் பாரிஸை அடிமைமுறையை ஒழிக்க வைத்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். தீவுக்காரர்கள் விடவில்லை, போரிட்டு 1804-ல் ஹைட்டி என்ற சுதந்திர நாடானார்கள். மற்ற பிரெஞ்சுக் காலனிகள் 1848 வரை காத்திருந்தன. அந்த அறிக்கைக்கு உயிர் கொடுத்தவர்கள் அதில் விடுபட்டவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பிள்ளைகள் சீக்கிரமே வீட்டை விட்டுப் போவது தனிமனிதச் சிந்தனை வந்த பிறகுதானே?

பதில்: இல்லை, பழக்கம் முந்தியது. தனிமனித உரிமை, பகுத்தறிவு பற்றிய சிந்தனைகள் பரவிய அறிவொளிக் காலத்துக்கு முன்பே இங்கிலாந்தில் பதின்ம வயதுப் பிள்ளைகள் பிறத்தியார் வீட்டில் வேலைக்கோ தொழில் பழகவோ போனார்கள். இருபத்தைந்தை ஒட்டிக் கல்யாணம், உடனே தனிக்குடித்தனம். தத்துவம் அப்புறம்தான் வந்தது.

கேள்வி: ஐயா, லூதரின் அந்த அலை நம் பக்கம் வந்ததா?

பதில்: வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த லூத்தரன் மதபோதகர் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அங்கே அச்சேறியது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகத்துக்குச் செலவானது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.