கால் புண் வலிக்கவில்லை; அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் பார்த்ததில் எச்பிஏ1சி 8.8 சதவீதம். பசி, தூக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இடது கால் பெருவிரலுக்கு அடியில் சின்னதாக ஒரு புண் வந்து 3 வாரமாக ஆறவில்லை. வலி எதுவும் இல்லை. இரவில் மட்டும் பாதம் எரிகிறது. தானாக ஆறிவிடும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 'வலி எதுவும் இல்லை' என்ற வரிதான்.

பெருவிரலின் அடிப்பக்கம், நடக்கும்போது உடம்பின் பாரம் விழும் இடம். அங்கே புண் வந்தால், நரம்பு நன்றாக இருப்பவர் அன்றைக்கே நொண்டத் தொடங்கிவிடுவார். நொண்டுவதால் பாரம் வேறு பக்கம் போகும், புண் ஆறும். உங்களுக்கோ பல ஆண்டுச் சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுத்திருக்கலாம்; வலி தெரியாததால் வழக்கம்போல் அழுத்தி நடக்கிறீர்கள். மூடப் பார்க்கும் புண் ஒவ்வொரு எட்டிலும் மறுபடி நசுங்குகிறது. காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆறுவது இன்னும் கடினம்.

'எரிச்சல் தெரிகிறதே, அப்படியானால் நரம்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?' என்று பலர் கேட்பார்கள். சேதமான நரம்பு எதுவுமே படாதபோது எரிச்சலைக் காட்டும். நிஜமாகவே முள் குத்தினால் பேசாமல் இருந்துவிடும். இரண்டும் ஒரே பாதத்தில் சேர்ந்தே வரும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால் விரல் வரை போகிறவை என்பதால் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒருமுறை பாதத்தில் சீழ் வைத்து ஒருவர் என்னிடம் வந்தார். ஷூவைக் கழற்றித் தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. எத்தனை நாளாக அதை மிதித்து நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அதனால் நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்றி நடப்பதை முடிந்தவரை குறையுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்ந்த துணிக்கட்டுப் போடுங்கள். சுற்றியிருக்கும் தடித்த தோலை பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, கருமை, காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். காலின் நாடித்துடிப்பையும் பார்ப்பார். எலும்பு வரை போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். நீங்களாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வைட்டமின் பி12. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுத்தால் சிலருக்கு அது குறையும்; குறைந்தால் இதே போன்ற எரிச்சலும் மரமரப்பும் வரும். குறை இருந்தால் அதைச் சரிசெய்ய முடியும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்த 8.8. கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு அது. பெரும்பாலானவர்களுக்கு 7 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வயது மிகுந்தவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவோம். 'கொஞ்சம்தானே கூட இருக்கிறது' என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், தீவிரமாகக் கட்டுப்படுத்திய குழுவின் சராசரி 7.0, மற்றவர்களுடையது 7.9. அந்த 0.9 வித்தியாசத்துக்கே கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மாத்திரை போதாமல் போவது உங்கள் தோல்வி இல்லை. இரண்டாவது மருந்தோ இன்சுலினோ சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கால் போலவே மற்ற உறுப்புகளும் சத்தமில்லாமல்தான் கெடும். பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அதனால் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையை வேகமாகக் குறைக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், திடீர்க் குறைவு அதைச் சிறிது காலம் கூட்டக்கூடும். சிறுநீரகத்துக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு மட்டும் போதாது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் போகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதும் சர்க்கரை உள்ளவர்களிடம் உண்டு. திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

நாளை போகும்போது தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். உட்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால், புண் வந்த காரணம் பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும்.