தோற்ற பிள்ளை அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டும்: சிறுவர் சதுரங்கக் குழு பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர் சதுரங்கக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். இதுபோன்ற குழுவைத் தங்கள் வட்டாரத்தில் தொடங்க விரும்புவோரும், பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு தந்தை: ஐயா, தொடங்குவதற்கு எத்தனை பலகைகள் வேண்டும்? கீழ்த்தளத்தில் கட்டம் பொறித்த கல் மேசைகள் இருக்கின்றனவே, அவை போதாதா?

ஆறு பலகைகள் போதும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் முதல் மாதத்தில் சேர்க்காதீர்கள். கல் மேசைகளை மாலையில் அங்கே வந்து அமரும் பெரியவர்களுக்கே விட்டுவிடுங்கள். சுருட்டி வைக்கக்கூடிய வினைல் பலகைகளையும், அடியில் கனம் சேர்த்த பிளாஸ்டிக் காய்களையும் வாங்குங்கள், ஏனெனில் கீழ்த்தளத்தில் வீசும் காற்றுக்கு லேசான காய்கள் நிற்பதில்லை. போட்டிகளில் பயன்படும் அளவே பிள்ளைகளின் கைக்கும் பொருந்தும்: ராஜா ஏறக்குறைய 9.5 சென்டிமீட்டர் உயரம், ஒரு கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். ஒவ்வொரு நிறத்திலும் கூடுதலாக ஒரு ராணி உள்ள பெட்டியாகப் பாருங்கள். சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது அது தேவைப்படும்.

இடத்திற்கான அனுமதியை நகர மன்றத்திடம் கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர்கள் இருவர் உடனிருக்க வேண்டும். இதில் ஒரு வாரம்கூட விதிவிலக்கு வேண்டாம். இரண்டாமவர் வர இயலாத நாளில் நான் குழுவையே கூட்டுவதில்லை.

உட்லண்ட்சிலிருந்து ஒரு தாய்: ஒன்றுமே தெரியாத பிள்ளைகளுக்கு முதல் நாளில் எதைச் சொல்லித் தருவீர்கள்?

சிப்பாய்களை மட்டும். இரு பக்கமும் எட்டு எட்டுச் சிப்பாய்களை வைத்து, எவருடைய சிப்பாய் முதலில் எதிர்க் கரையை எட்டுகிறதோ அவருக்கே வெற்றி என்று சொல்லிவிட்டால், பத்து நிமிடங்களில் பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். நேராக நகர்ந்து, குறுக்காக வெட்டும் காய் அது ஒன்றுதான் என்பதால், தொடக்கத்தில் குழப்பம் தருவதும் அதுதான். அந்தக் குழப்பம் முதல் நாளிலேயே தீர்ந்துவிடுவது நல்லது. ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடுவதால், ஒரே மாலையில் ஒரு பிள்ளை பலமுறை வென்று, பலமுறை தோற்றுவிடுகிறது. அடுத்த வாரம் ராஜாவைச் சேர்ப்பேன், அதற்கடுத்த வாரம் யானையை. குதிரை கடைசியில்தான் வரும்.

ஈசூனிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் புளோக்கில் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் கலந்து வருகிறார்கள். காய்களின் பெயர்களைத் தமிழில் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், ஆனால் யானையிடம் கவனமாக இருங்கள். நாம் யானை என்று அழைப்பது மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காயை. மலாயில் ‘காஜா’ என்றால் யானைதான் என்றாலும், அவர்கள் சதுரங்கத்தில் அப்படி அழைப்பது குறுக்காகச் செல்லும் நம் மந்திரியை. சீனத்திலும் மந்திரிக்கு யானை என்றே பெயர். மூலையில் நிற்பது அவர்களுக்குத் தேர். எங்கள் குழுவில் ஒருநாள் ‘யானையை நகர்த்து’ என்று நான் தமிழில் சொன்னதை ஒரு சிறுமி தன் மலாய்த் தோழனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவன் மந்திரியை எடுத்து நடுவில் வைத்தான். அவன் செய்ததில் தவறே இல்லை. பழைய சதுரங்கத்தில் யானை குறுக்காகவே நகர்ந்தது என்பதால், அந்த வகையில் அவர்களுடைய வழக்கே பழமைக்கு நெருக்கமானது. அன்றிலிருந்து முதல் வாரத்திலேயே மூன்று மொழிப் பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளைகளையே படம் வரையச் சொல்கிறேன்.

தெம்பனிசிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு ஏழு வயது. தோற்றால் அழுதுகொண்டே காய்களைத் தட்டிவிடுகிறான். அவனைக் குழுவுக்கு அனுப்பலாமா, அல்லது இன்னும் ஓராண்டு காத்திருக்கலாமா?

அனுப்புங்கள், அம்மா. பகடையும் சீட்டும் உள்ள விளையாட்டுகளில் தோல்விக்கு அதிர்ஷ்டத்தின் மீது பழி போடலாம், குழு விளையாட்டில் கூட்டாளியின் மீது போடலாம். சதுரங்கத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது, அதனால்தான் அந்த அழுகை. ‘விளையாட்டுதானே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் மனம் வைத்து ஆடியதை நாம் சிறிதாக்கியதாகிவிடும்.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ராணியை இழந்து தோற்றதும் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் அவளிடம் போகவில்லை. அவளுடைய ராணி வெட்டுப்படுவதற்கு ஒரு நகர்த்தல் முன்பு பலகை எப்படி இருந்ததோ, அப்படியே காய்களை அடுக்கி, தூணருகே இருந்த திண்டில் வைத்துவிட்டு வந்தேன். சிறிது நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு குதிரையை எடுத்து வேறொரு கட்டத்தில் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது எல்லோருக்கும் இதையே வழக்கமாக்கியிருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழாமல், ஆட்டம் எங்கே திரும்பியது என்று சேர்ந்து தேட வேண்டும். தோற்றவர் ஆடிய நல்ல நகர்த்தல் ஒன்றை வென்றவர் சொல்ல வேண்டும்.

குழு நடத்துவோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொடக்கத்தில் நான் பெயர்களை ஏணிபோல வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினேன். ஏணியின் அடியில் மூன்று வாரம் நின்ற சிறுவன் நான்காம் வாரம் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. அதை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன். இப்போது சுவிஸ் முறையில் இணைகளை அமைக்கிறேன்: சம புள்ளிகள் உள்ளவர்களே ஒருவரோடொருவர் மோதுவார்கள், எவரும் வெளியேற்றப்படுவதில்லை. முதல் இரண்டு சுற்றுகளில் தோற்ற பிள்ளைக்கு மூன்றாம் சுற்றில் தன்னைப் போலவே தோற்ற ஒருவர் கிடைக்கிறார்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி, இதே சிங்கப்பூரில், செந்தோசாவில் நடந்த உலகச் சதுரங்க வெற்றியாளர் பட்டத்திற்கான கடைசி ஆட்டத்தில் நடப்பு வெற்றியாளர் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துப் பட்டத்தை இழந்ததை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். வென்ற பதினெட்டு வயது குகேஷ், கண்ணீரோடு அமர்ந்து காய்களை மீண்டும் தொடக்க நிலையில் அடுக்கினார் என்பதையும் சொல்லுங்கள். எங்கள் குழுவிலும் காய்களைப் பையில் போடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து அப்படி அடுக்க வேண்டும். 32இல் ஒன்று குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும் என்பது இதிலுள்ள இன்னொரு வசதி.

சுவா சூ காங்கிலிருந்து ஒரு தந்தை: சதுரங்கம் ஆடினால் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கணிதத்திற்கு உதவுமா?

அந்த வாக்குறுதியைப் பெற்றோருக்குத் தராதீர்கள். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், சதுரங்கம் கற்ற மாணவர்களின் கணித மதிப்பெண் ஓராண்டுக்குப் பின் மற்றவர்களைவிட உயர்ந்திருக்கவில்லை. சனிக்கிழமையில் இரண்டு துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே வரும் பிள்ளைக்கு, மதிப்பெண் கேட்காத ஒன்றரை மணி நேரம் கிடைப்பதே எனக்குப் போதுமான காரணம்.

பொங்கோலிலிருந்து ஒரு தாத்தா: பேரன் ஆடும்போது பின்னால் நின்று பார்க்கலாமா? தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதியைச் சிறுவர்களுக்கும் வைக்கிறீர்களா?

பார்க்கலாம், ஆனால் சற்றுத் தள்ளியிருந்து பாருங்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், பிள்ளை ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். நாங்கள் பெரியவர்களுக்கென்று தபால் பெட்டிகளின் பக்கம் நாற்காலிகள் போட்டிருக்கிறோம். தொட்ட காய் விதியை இரண்டாவது மாதத்திலிருந்து வைக்கிறோம்; கட்டத்தில் சரியாக நிற்காத காயைத் திருத்த வேண்டுமானால் ‘சரிசெய்கிறேன்’ என்று முதலில் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்.

ஜூரோங்கிலிருந்து ஒரு தொண்டூழியர்: ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வது?

மீதியிருக்கும் பிள்ளையுடன் நீங்கள் ஆடுங்கள். சுவிஸ் முறைப்படி அந்தச் சுற்றுக்கான புள்ளி அதற்கு எப்படியும் கிடைத்துவிடும், ஆகவே முடிவு எதுவானாலும் கவலையில்லை. ஆட்டத்தின் நடுவில் பலகையைத் திருப்பி, உங்கள் பக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அதன் நெருக்கடியை நீங்கள் எடுத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். எங்கள் குழுவில் அந்த மீதி இடத்திற்குத்தான் இப்போது போட்டி.